செய்தியில் போட்ட மணி எந்த ஊர் மணி?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியது)

காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்குப் புறப்படும் முன் அப்பாவின் கைப்பேசியில் தலைப்புச் செய்திகளை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவருவது என் வழக்கம். ஒரு நாள் பட்டியலின் உச்சியில் இருந்த செய்தியின் கீழே ‘இன்று பிற்பகல் 1.45’ என்று போட்டிருந்தது. மணியோ அப்போது எட்டரைதான்! நடந்து முடிந்ததைச் சொல்வதுதானே செய்தி? நடக்கப் போவதைச் சொன்னால் அது சோதிடம் அல்லவா? அப்பா ‘கம்ப்யூட்டர் கோளாறு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. புவியியல் ஆசிரியையிடமும் நூலகத்திலும் கேட்டும் தேடியும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘மணி’ என்றால் என்ன என்று பார்ப்போம். சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நண்பகல். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஆகவே ஒரு மணிக்கு 15 பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கிழக்கே இருக்கும் ஊருக்கு நண்பகல் முந்தி வரும், மேற்கே இருக்கும் ஊருக்குப் பிந்தி வரும். இது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் புத்தகத்தில் படிப்பது வேறு, நம் கண்ணால் பார்ப்பது வேறு.

இந்தியாவின் பொது நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. அது உத்தரப் பிரதேசத்தில், முன்பு அலகாபாத் எனப்பட்ட பிரயாக்ராஜுக்கு அருகே செல்கிறது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஏறத்தாழ 77.6 பாகையில் இருக்கிறது. வித்தியாசம் 4.9 பாகை. நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய 19½ நிமிடம். அதாவது கடிகாரம் 12 அடித்து ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்தே நம் ஊருக்கு உண்மையான உச்சிவேளை! இராஜபாளையம் இன்னும் சற்று மேற்கே இருப்பதால் அங்கே சில வினாடிகள் தாமதம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல நாள் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் நேராக நம் தலைக்கு மேல் வந்து நிற்கும். நம் ஊருக்கு அந்த நாட்கள் ஏப்ரல் 14ஐ ஒட்டியும், ஆகஸ்டு 28ஐ ஒட்டியும் வருகின்றன. முதலாவது நாள் சித்திரை முதல் தேதியை ஒட்டியே அமைவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அன்று விடுமுறை. ஆகவே ஆகஸ்டு 28 அன்று ஆசிரியையின் அனுமதியுடன் நாங்கள் மூவர் விளையாட்டுத் திடலில் ஒரு முழ நீளக் கம்பியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட்டோம். மதிய உணவு இடைவேளை. மற்றவர்கள் சாப்பிட, நாங்கள் நிழலைப் பார்த்துக் கொண்டிருந்தோம். 12 மணிக்குக் கம்பியின் நிழல் மேற்குப் பக்கம் தெளிவாகவே இருந்தது. 12.10க்குப் பாதியானது. 12.20ஐ ஒட்டி நிழலே இல்லை! கம்பி மட்டும் நின்றது. பிறகு கிழக்குப் பக்கம் கறுப்புக் கோடாக மெல்ல எட்டிப் பார்த்தது. கொண்டுவந்த சோறு ஆறிப்போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

(இந்த 12.20 ஆண்டு முழுவதும் அப்படியே இராது. பூமியின் பாதை முட்டை வடிவானது, அச்சும் சாய்ந்தது. ஆகையால் பிப்ரவரி நடுவில் நம் ஊர் உச்சிவேளை 12.34 வரை போகும். நவம்பர் தொடக்கத்தில் 12.03க்கே வந்துவிடும். நிழல் மறைவது மேலே சொன்ன இரு நாட்களை ஒட்டி மட்டுமே.)

அப்படியானால் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி நேரம் இருக்கிறது. ஊருக்குள்ளேயே வாழ்ந்து, ஊருக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்த காலத்தில் அதனால் தொல்லை இல்லை. ஓர் ஊர்ச் செய்தி இன்னோர் ஊருக்குப் போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

அப்படிச் செய்தி அனுப்பிய பழைய கதை ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் (1623 – 1659) ஆண்டாள் கோவிலில் பூசை முடிந்த பிறகே உணவு கொள்வாராம். பூசை முடிந்ததை மதுரையில் இருப்பவர் எப்படி அறிவது? வழி நெடுக மணிமண்டபங்கள் கட்டி, இங்கே மணி அடித்ததும் அடுத்த மண்டபத்தில் அடிக்க, அதைக் கேட்டு அதற்கடுத்ததில் அடிக்க, கடைசியில் மதுரை அரண்மனையில் மணியோசை கேட்குமாம். பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நான் இதற்கு ஒரு கணக்குப் போட்டேன். தூரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். ஒலி கடக்கவே 3 நிமிடம் 40 வினாடி ஆகும். மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்று வைத்துக்கொண்டால் 25 மண்டபங்கள். ஒவ்வொரு காவலாளும் கேட்டுக் கயிற்றை இழுக்கப் பத்து வினாடி என்றால் இன்னும் 4 நிமிடம் 10 வினாடி. ஆக மொத்தம் ஏறக்குறைய எட்டு நிமிடம். மதுரை நமக்குக் கிழக்கே அரைப் பாகை. அங்கே உச்சிவேளை நம்மைவிட இரண்டு நிமிடம் முந்தியே வந்துவிடும். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வந்தபோது பூசை முடிந்திருந்தால், மன்னர் காதில் ஓசை விழும்போது மதுரைச் சூரியன் உச்சி தாண்டிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். மண்டபத்துக்கு மண்டபம் என்பதும், பத்து வினாடி என்பதும் நானாக வைத்த கணக்கு. ஆனால் இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ஒரு செய்திக்கு நடந்த நேரம் ஒன்று, வந்து சேர்ந்த நேரம் ஒன்று. அந்த இரண்டும் இரு வேறு ஊர்க் கடிகாரங்களில் காட்டப்படும்.

தந்தியும் ரயிலும் வந்தபோது இந்தச் சிக்கல் பெரிதாயிற்று. தந்தி சில நொடிகளில் ஊர் தாண்டும். ரயிலுக்கோ அட்டவணை வேண்டும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கடிகாரம் மாறினால் வண்டிகள் மோதிக்கொள்ளும். அப்போது இந்திய ரயில்களுக்கு வழிகாட்டியது எந்த ஊர்க் கடிகாரம் தெரியுமா? நம் சென்னையின் கடிகாரம்! கிழக்கிந்தியக் கம்பெனி 1792ஆம் ஆண்டு சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தது. அதன் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1802இல் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். கிரீன்விச் நேரத்துக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது சென்னை நேரம். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக இருந்ததால் 1870க்குப் பிறகு இந்த நேரமே ரயில்களுக்கும் தந்திக்கும் பொது நேரமாக விளங்கியது. வட இந்தியாவில் ரயில் ஏறியவரும் சென்னை மணியைப் பார்த்துத்தான் ஏற வேண்டியிருந்தது என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

1906 ஜனவரி முதல் தேதி இந்தியப் பொது நேரம் வந்தது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. சென்னைக் கடிகாரங்கள் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. ஆனால் எல்லா ஊரும் உடனே இணங்கிவிடவில்லை. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தங்கள் பழைய நேரத்தை விடாமல் வைத்திருந்தன. பம்பாய் நேரம் பொது நேரத்துக்கு 39 நிமிடம் பிந்தியது. ஒரே நகரில் ரயில் நிலையத்தில் ஒரு மணி, ஊருக்குள் ஒரு மணி! இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடு வரை நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்திருந்ததும் உண்டு. இப்போது புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அணுக் கடிகாரங்கள் நமக்கு நேரம் காட்டுகின்றன.

இனி, நான் பார்த்த அந்த ‘பிற்பகல் 1.45’ செய்திக்கு வருவோம்.

கைப்பேசியில் செய்திகளைச் சேர்த்துத் தரும் மென்பொருளுக்குத் தமிழில் ‘திரட்டி’ என்ற அழகான பெயர் உண்டு. பல செய்தி நிலையங்களின் வாசலில் அது சிறிது நேரத்துக்கு ஒரு முறை போய் நின்று, ‘புதிதாக என்ன இருக்கிறது?’ என்று கேட்கும். ஒவ்வொரு நிலையமும் ஓர் ஓடையை வைத்திருக்கும். அதில் தலைப்பு, சுருக்கம், வெளியான நேரம் ஆகியவை ஒரு குறிப்பிட்ட முறையில் எழுதப்பட்டிருக்கும். இந்த ஓடை முறைகளில் ஒன்றான ஆர்.எஸ்.எஸ். 1999இல் தோன்றியது. தமிழிலும் 2004இல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ என்ற திரட்டி, சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் தமிழர்கள் எழுதியவற்றை ஒரே பட்டியலில் சேர்த்துத் தந்தது.

பல நாட்டுச் செய்திகளை எப்படி வரிசைப்படுத்துவது? சிங்கப்பூரிலிருந்து வந்த செய்தியில் காலை 10.00 என்று இருக்கிறது. சென்னைச் செய்தியில் அதே தேதி காலை 8.15. டொரான்டோவிலிருந்து வந்ததில் முதல் நாள் இரவு 11.00, அங்கே குளிர்காலம். பார்த்தவுடன் எதைப் புதியது என்பீர்கள்? சிங்கப்பூர்ச் செய்தி புதியது, டொரான்டோச் செய்தி பழையது என்றுதான் யாரும் சொல்வார்கள். உண்மை அதற்கு நேர் மாறானது! சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முந்தியது. ஆகவே அந்தச் செய்தி நம் மணிக்கு 7.30. சென்னைச் செய்தி 8.15. டொரான்டோ குளிர்காலத்தில் நமக்குப் பத்தரை மணி பிந்தியது. ‘முதல் நாள் இரவு 11’ என்பது நம் காலை 9.30. நேற்றைய தேதி போட்ட செய்தியே எல்லாவற்றிலும் புதியது.

இதற்காகத்தான் திரட்டி எல்லா நேரங்களையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறது. அது கிரீன்விச் ஊரின் நேரத்தை ஒட்டியது. வரிசைப்படுத்திய பிறகு, படிப்பவர் இருக்கும் ஊரின் நேரத்துக்கு மறுபடி மாற்றிக் காட்டுகிறது. இப்படி மாற்றுவதற்கு ஒரு வால் தேவை. நம் நாட்டு ஓடைகள் பலவற்றில் நேரத்தின் கடைசியில் கூட்டல் குறியும் 0530 என்ற நான்கு இலக்கமும் இருக்கும். ‘இந்த மணி கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது’ என்று பொருள். அந்த வால் விட்டுப்போனால் பல திரட்டிகள் அதை உலகப் பொது நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். காலை 8.15க்கு வெளியான செய்தியை உலகப் பொது நேரம் 8.15 என்று நினைத்து, நமக்காக ஐந்தரை மணியைக் கூட்டினால் என்ன வரும்? பிற்பகல் 1.45! நான் பார்த்த ‘சோதிடம்’ இதுதான். எதிர்கால நேரம் போட்ட செய்தி பட்டியலின் தலையிலேயே காலை முழுவதும் உட்கார்ந்திருக்கும்; உண்மையில் புதிய செய்திகள் அதற்குக் கீழே தள்ளப்படும். கம்ப்யூட்டர் கோளாறு என்று அப்பா சொன்னாரே, கம்ப்யூட்டர் தனக்குச் சொன்னதைச் சரியாகத்தான் செய்தது. எந்த ஊர் மணி என்று எழுதாமல் விட்டது மனிதர்தான்.

இங்கே இரண்டு சிறு வியப்புகளைச் சொல்லாமல் போக மனமில்லை. பல கணிப்பொறிகள் உள்ளுக்குள் நாள், மாதம் எதையும் வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி முதல் தேதி உலகப் பொது நேரம் பூச்சியம் மணியிலிருந்து எத்தனை வினாடி என்று எண்ணிக்கொண்டே போகின்றன. அந்தப் பூச்சியம் மணி நமக்குக் காலை ஐந்தரை. மார்கழி மாதம் வேறு. நம் ஊரில் திருப்பாவை பாடும் விடியல் வேளையில்தான் உலகக் கணிப்பொறிகளின் கடிகாரம் தொடங்குகிறது! மற்றொன்று: எந்த நாட்டில் எப்போது எந்த நேரம் வழங்கியது என்ற பட்டியலை 1986இல் அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொகுக்கத் தொடங்கினார். இன்று பெரும்பாலான கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. அதில் இந்தியாவுக்கு உரிய பகுதியின் பெயர் ‘ஆசியா/கொல்கத்தா’. ஆனால் உள்ளே 1870 முதல் 1905 முடிய என்ன நேரம் என்று பார்த்தால் 5 மணி 21 நிமிடம் 10 வினாடி என்று இருக்கிறது. நுங்கம்பாக்கத்துக் கடிகாரம் நம் அப்பாக்களின் சட்டைப் பையில் இன்னும் இருக்கிறது என்று சொல்லலாம்.

அந்தப் பட்டியலில் நம் பக்கத்து நாடான இலங்கையின் பகுதியைப் படித்தபோது எனக்குக் கதை படிப்பது போல இருந்தது. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டினால் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரல் நடுவில், புத்தாண்டை ஒட்டி, மீண்டும் நம்மைப் போலவே ஐந்தரை மணிக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் வடக்கே விடுதலைப் புலிகள் வசம் இருந்த பகுதிகளில் பழைய நேரமே வழங்கியது. ஒரே தீவுக்குள் ஓர் எல்லையைக் கடந்தால் அரை மணி வித்தியாசம்! போர் நடந்த நாட்டில் ‘காலை எட்டு மணிக்கு’ என்று ஒரு செய்தி வந்தால், எந்த எட்டு மணி என்று கேட்பது வெறும் வம்பு அல்ல. தன் பிள்ளை அந்த நேரத்தில் வீட்டில் இருந்தானா, சாலையில் இருந்தானா என்று கணக்குப் பார்க்கும் தாய்க்கு அரை மணி பெரிய வித்தியாசம்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். மடவார் வளாகத்தில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். அவருடைய மகன் கனடாவில் வேலை பார்த்து, அங்கேயே காலமானார். ஜூலை மாதம். அங்கே செவ்வாய்க்கிழமை இரவு 9.40. கோடைகாலத்தில் அவர்கள் கடிகாரம் நமக்கு ஒன்பதரை மணி பிந்தியது. ஆகவே இங்கே புதன்கிழமை காலை 7.10. பாட்டி வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்த நேரம். அடுத்த சில நிமிடங்களில் தொலைபேசி வந்துவிட்டது. பாட்டிக்கு அது புதன்கிழமை நடந்த சாவு. மருமகளுக்குச் செவ்வாய்க்கிழமை நடந்தது. ஊரில் இருந்த சொத்துக்காக ஒரு மனு எழுதியபோது பாட்டி சொன்ன தேதியைப் போட்டார்கள். கனடாவிலிருந்து வந்த இறப்புச் சான்றிதழில் ஒரு நாள் முந்திய தேதி. பொருந்தவில்லை என்று மனு திரும்பி வந்தது. பாட்டிக்கு மனு திரும்பி வந்தது பெரிதாகத் தெரியவில்லை. “பெத்தவளுக்குப் பிள்ளை போன நாள் தெரியாதான்னு கேட்கிறாங்களே” என்பதுதான் அவருடைய வருத்தம். ஆண்டு நினைவுக்கு எந்த நாள் என்ற கேள்வி வந்தபோது மருமகள் அங்கே செவ்வாய்க்கிழமையின் தேதியை வைத்துக்கொண்டார். பாட்டி இங்கே புதன்கிழமையின் தேதியில் விளக்கு ஏற்றுகிறார். யார் சொல்வது சரி என்று தெருவில் விவாதமே நடந்தது. இருவர் சொல்வதும் சரி என்பது என் எண்ணம். ஒரே நொடிக்கு இரண்டு ஊர்களில் இரண்டு பெயர். சான்றிதழில் மட்டும் இறந்த இடத்தின் தேதிதான் இருக்கும். அதை முன்கூட்டியே யாராவது பாட்டிக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

தேதியைப் பற்றிய இதே குழப்பம் மழைச் செய்தியிலும் வருகிறது. 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! அது டிசம்பர் 18ஆம் தேதிக் கணக்கில் இருக்கிறது. ஆனால் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அல்லவா அப்படிக் கொட்டியது என்று பலரும் கேட்டார்கள். வானிலைத் துறைக்கு ஒரு நாள் என்பது முதல் நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. முடியும் நாளின் தேதியைத்தான் போடுவார்கள். ஏன் எட்டரை என்ற விந்தையான கணக்கு? உலகப் பொது நேரத்தில் அது சரியாக 3 மணி. வானிலைக்கு நாட்டு எல்லை கிடையாதே! அதனால் பல நாட்டு வானிலை நிலையங்கள் உலகப் பொது நேரத்தின்படி ஒரே வேளையில் அளவெடுத்துப் பகிர்ந்துகொள்கின்றன.

அந்த நாட்களில் செயற்கைக்கோள் எடுத்த மேகப் படங்கள் வீட்டுக்கு வீடு கைப்பேசியில் சுற்றி வந்தன. அத்தகைய படங்கள் பலவற்றின் மூலையில் நான்கு இலக்கத்தில் உலகப் பொது நேரமே அச்சாகியிருக்கும். ‘0300’ என்று பார்த்தவர்கள், ‘இது விடியற்காலைப் படம், பழசு, மேகம் இந்நேரம் கலைந்திருக்கும்’ என்று சொல்லிவிடக்கூடும். ஆனால் அது காலை எட்டரை மணிப் படம். தாமிரபரணிக் கரையில் வீட்டை விட்டு வெளியேறுவதா, இன்னும் கொஞ்சம் பார்ப்பதா என்று முடிவு செய்யவேண்டியவருக்கு இந்த ஐந்தரை மணி மிகப் பெரியது. ஆகவே இனி மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு படம் வந்தால், மூலையில் யூ.டி.சி. என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். ‘2100’ என்று இருந்தால் அது இரவு ஒன்பது மணி அல்ல, பின்னிரவு 2.30. அங்கே தேதியிலும் ஒன்றைக் கூட்ட வேண்டும்.